விட்டுப்போன முதல் வரி

2025 ஓகஸ்ட் 9, சனி. இன்று ஒரு பிழை விட்டேன். கை அறுவைச் சிகிச்சை நிபுணர் சசிகரனின் அறிமுகத்தைத் தமிழில் எழுதும்போது முதல் வரியை விட்டுவிட்டேன்.

மாலை ஆங்கில வகுப்பில் மீனலோசனி ரீச்சர் தந்த வேலை அது. லண்டனிலிருந்து வந்திருக்கும் டொக்டர் நாளை எங்கள் ஊர் வேலணையில் இலவசமாகக் கைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். இன்று வாசிகசாலையில் வரவேற்பு; அறிமுகத்தை வாசிப்பதும் நான்தான். ஆங்கிலத் தாளின் முதல் வரியில், 1998இல் யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் பயிற்சி வைத்தியராக இருந்தார் என்று மட்டும் இருந்தது. அத்தனை பெரிய பட்டங்களுக்கு முன்னால் அது எடுபடாது என்று நானே முடிவு செய்தேன். மூன்று முறை சரிபார்த்தும் அப்படியே விட்டேன்.

நான் வாசித்து முடிய அவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

“தங்கச்சி நல்லா வாசிச்சா. ஆனா என்ர படிப்பு லண்டனில தொடங்கேல்லை. 98இல யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வேலணை ஆள் ஒருத்தர், வேலிக்கு ஓலை வெட்டேக்க கையில கத்தி பட்டு வந்தவர். தோலை வடிவாத் தைச்சு விட்டனான். உள்ளுக்க விரல் மடக்கிற நாண் அறுந்து கிடந்ததைப் பாக்கேல்லை. பிறகுதான் விளங்கினது. ஆள் திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு கையைத் தவிர வேறொண்டும் நான் படிக்கேல்லை.”

கடைசி வரிசையில் அப்பா எழும்பி நின்றார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. காயத்துக்குப் போட்ட கட்டை நேரத்தோடு கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குப் போனதால் வந்த வினை என்று இருபத்தேழு வருடமாக அம்மா ஏசி வருகிறார். தேத்தண்ணிப் பேணி கைநழுவி விழும்போதெல்லாம் நானும் அதையே சொல்லியிருக்கிறேன்.

“அது நான்தான் டொக்டர். நீங்கள் வடிவாத்தான் தைச்சனீங்கள். நான்தான் அவசரப்பட்டுக் கட்டைக் கழட்டினனான்.”

டொக்டர் கதிரைகளுக்கு நடுவே வந்து அந்தக் கையைப் பிடித்தார். தழும்பை மெல்லத் தடவினார்.

“கட்டால இல்லை அண்ணை. என்னால.”

அப்பா சிரிக்கப் பார்த்தார்.

“அப்ப இவளின்ர தாய்க்கு இதை ஆர் சொல்லுறது?”

“இனி மடங்குமோ?” என்று நான் கேட்டேன்.

“நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாரும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொல்ல ஏலாது.”

வீட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். அம்மா குசினியில் அப்பாவின் பேணியைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்துக் கழுவினார்.

நாளை: எட்டு மணிக்கு அப்பாவை டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அம்மாவும் வருகிறாராம்.