மங்குத் தண்ணீர்

கடவுளே, இன்றைக்கு மட்டும் அந்தப் பச்சைக் கார் வரக்கூடாது என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தபோதே மேட்டில் அதன் சத்தம் கேட்டது. என் கையிலிருந்த மங்கு நழுவி வேர்மேல் விழுந்து உருண்டது. ராத்திரி பெய்த மழையில் ரப்பர் மரமெல்லாம் ஊறிக் கிடந்தது. பட்டை காயாமல் உளி வைக்க முடியாது. அதுவரைக்கும், பால் பிடிக்கிற மங்குகளில் நிரம்பியிருந்த மழைத்தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே போவதுதான் வேலை. அடுத்த நிரையில் காளியம்மா எதையோ முணுமுணுத்துப் பாடியபடி கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில், நிரையின் கோடியில் அவர்களைப் பார்த்தேன். காட்டுக்காரர்கள், வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுடுகிற கம்யூனிஸ்டு ஆட்கள். காக்கிச் சட்டையும் தொப்பியும் துப்பாக்கியுமாக நாலைந்து பேர். அதில் ஒருத்தன் நம்மாள், எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ. "அக்கா, தொரையோட பச்சக் காரு எப்ப எறங்கும்?" என்று கேட்டான். "எனக்கென்னய்யா தெரியும், நான் பால் வெட்ட வந்தவ" என்றேன். "சரி. இன்னிக்குப் பாலத்துப் பக்கம் வந்துடாத. எங்களப் பாத்தேன்னு வாயத் தொறக்காத. ரெண்டாவது லயத்துல மூணாவது வீடுதானே ஒங்களது?" என்றான். அவ்வளவு அமைதியாகச் சொன்னதில்தான் மிரட்டல் எனக்குப் புரிந்தது. அவர்கள் கீழே பாலத்தை நோக்கி இறங்கிப் போனார்கள். ஒருத்தன் மட்டும் போகவில்லை. பால்வெட்டுக்காரன் மாதிரி கோணிச்சாக்கை முக்காடு போட்டு, துப்பாக்கியை அதற்குள் மறைத்துக்கொண்டு, சாலையோரத்து மரத்தடியில் குந்திக்கொண்டான். அங்கிருந்தால் சாலையும் தெரியும், நானும் தெரிவேன்.

துரையைச் சுட்டால் சுட்டுவிட்டுப் போகட்டும் என்கிற அளவுக்குத்தான் எனக்கு அவர்மேல் பாசம். நாங்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட நாளிலிருந்து, காட்டுக்குச் சோறு போகிறது என்று சொல்லி, வாசலில் எங்கள் மடியைக்கூடத் தடவிப் பார்க்க ஆள் வைத்தவர் அவர். ஒரு வாய்க் கஞ்சி எடுத்துவர முடியாது. வெறும் வயிற்றோடு வந்து வெறும் வயிற்றோடு போகிறோம். ஆனால் அந்தக் காரில் இரண்டே இரண்டு இருக்கை. ஒன்றில் துரை இருந்தால் இன்னொன்றில் என் தம்பி இருளாண்டி இருப்பான். போகும்போது துரை ஓட்டுவார். மலாக்காவில் குடித்துவிட்டுத் திரும்பும்போது இவன் ஓட்டுவான்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் பாதைக்குப் போனவர், போனவர்தான். அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. மரவள்ளிக்கிழங்கை அவித்து, பெரிய துண்டை அவனுக்கும் சின்னத் துண்டை எனக்குமாக வைத்து வளர்த்தேன். வளர்ந்தவன் அக்காவை மறந்துவிட்டுக் காரைக் கட்டிக்கொண்டான். வாய் ஓயாமல் அதன் பெருமைதான். பந்தயத்தில் ஓடுகிற சாதியாம். கப்பலில் சிங்கப்பூருக்கு வந்து இறங்கியதாம். மற்ற துரைமார்கள் குண்டுக்குப் பயந்து காருக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டபோது எங்கள் துரை, "என் வேகந்தான் எனக்குத் தகடு" என்றாராம். அதைச் சொல்லும்போது இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான், என்னமோ அந்த வேகம் இவனுடையது மாதிரி.

போன வாரம் முழுக்க முகம் தொங்கிக் கிடந்தான். வாட்டர் பம்பு கத்துகிறதாம். எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுவது அதுதானாம். புதுசு சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், அதுவரை ஓட்டாதீர்கள் என்று சொன்னால் துரை கேட்கவில்லையாம். "பம்பு நின்னுட்டா தண்ணி கொதிச்சு வெளிய போயிரும்க்கா. எஞ்சின் பழுத்துரும். அப்பப் பதறிப்போயி யாராச்சும் பச்சத் தண்ணிய ஊத்துனாங்க, அவ்வளவுதான், இரும்பு வெடிச்சிரும்." இரும்பாவது வெடிப்பதாவது என்று நான் சிரித்தேன். ரோஷம் வந்து, எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிமேல் விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளித்தான். டிக்கென்று கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிந்துவிட்டது. "புது சிம்னி வாங்கிட்டு வராம வீட்டுக்குள்ள கால் வைக்காதடா" என்று துடைப்பத்தை எடுத்தேன். மறுநாளே வாங்கி வந்தான், கழுதை.

இப்போது மேட்டிலிருந்து வந்த சத்தத்தில் உறுமல் பாதி, கிறீச்சல் பாதி. சாணைக்கல்லில் உளியைத் தப்பாக வைத்த மாதிரி பல் கூசியது. வளைவு திரும்பியதும் கார் தடுமாறியது. என் நிரைக்கு நேராக, சாலை நடுவிலேயே நின்றுவிட்டது. முன்பக்கமெல்லாம் வெள்ளையாய் ஆவி. இருளாண்டி குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தான். எனக்கு ஒரு நிமிஷம் கால் நிலத்தில் பாவவில்லை. மாரியாத்தா, நிறுத்திவிட்டாயே, நீ நல்லா இருக்கணும் என்று கும்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. துரை இறங்கி இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்து நாலா பக்கமும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இருளாண்டி அவரிடம் இங்கிலீசில் ஏதோ சொல்லி, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். பொறுங்கள், ஆறட்டும் என்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பிறகு ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு கீழே பாலத்துப் பக்கம் கையைக் காட்டினான். தண்ணீர் மொள்ள ஆற்றுக்குப் போகப்போகிறான். ஐயோ, தன் காலாலேயே நடந்து போகப்போகிறான்.

"எங்கடா போற?" என்று கத்திவிட்டேன். "தண்ணிதானே? மங்கெல்லாம் மழத்தண்ணி நெறஞ்சு கெடக்குதே, கண்ணு தெரியலையா?"

துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துத் தமிழை எங்களை ஏசிப் பழகியே கற்றுக்கொண்டவர். "ஆமா. நல்லது. ஏய், நீ ரெண்டு பேரு, வாளியில தண்ணி கொண்டா, சீக்கிரம்!" என்றார்.

அவனை ஆற்றுக்குப் போகவிடாமல் பிடித்துவிட்டேன். ஆனால் எதற்குப் பிடித்தேன்? மங்கு மங்காக வாளியில் ஊற்ற ஊற்றத்தான் என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எஞ்சின் ஆறும், இந்தத் தண்ணீரை ஊற்றுவான், கார் கிளம்பும், இறக்கத்தில் பத்திரமாகப் போய்ப் பாலத்தில் ஏறும். அவனைக் கொல்வதற்கான தண்ணீரை நானே சேர்த்துக்கொண்டிருந்தேன். காதோடு சொல்லலாமென்றால் கோணிக்காரன் கண்ணை எடுக்கவில்லை. அவன் பக்கத்தில் வாளியும் இல்லை, உளியும் இல்லை. அவனுக்குத் தெரியாமல் சொன்னாலும், தம்பி அடுத்த நொடி துரையிடம் சொல்லுவான். உனக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ்கார மாத்தா வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான். அடுத்த லயத்து நாகமுத்து அப்படிப் போனவன்தான். இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்கிறார்கள், அவன் பெண்டாட்டி இங்கே நிற்கிறாள்.

வாளி நிரம்பிவிட்டது. மழைத்தண்ணீர் கையில் பட்டபோது சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் எனக்கு விளக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது.

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை வந்திருக்காது. அவன் சோறு தின்பது அந்தக் காரால். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துரை மறுபக்கம் திரும்பிச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இருளாண்டி குனிந்து, பம்பின் அடியில் சொட்டுவதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "வெலகுடா தம்பி, நெருப்பா இருக்கே, ஐயய்யோ!" என்று அலறியபடி முழு வாளியையும் எஞ்சின் தலைமேல் வீசிக் கொட்டினேன். ஸ்ஸென்று ஆவி எழுந்து மூன்று பேரையும் மறைத்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து டிக்கென்று ஒரு சத்தம். சிம்னி விரிந்த அதே சத்தம்தான், ஆனால் என் எலும்பு வரைக்கும் கேட்டது.

ஆவி விலகியபோது என் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். எழவு வீட்டில் நிற்கிறவன் மாதிரி நின்றான். எஞ்சினில் மயிர் இழை மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. அதை விரலால் தடவினான். சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அடி மூதேவி! ஒனக்கு எத்தன தடவ சொல்லி..."

பாதியில் நின்றுவிட்டான். கண் என் முகத்தில் எதையோ தேடியது. நான் வேண்டுமென்றே கண்ணை எடுக்காமல் நின்றேன். தேடிக்கொள்ளடா, நல்லாத் தேடு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"என்ன சொல்லி?" என்றார் துரை. குரல் எழும்பவே இல்லை. துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்திருந்தது. "நீ இவளுக்கு என்ன சொல்லிக் குடுத்த? இவ உன் அக்கா, எனக்குத் தெரியும். இது சபோட்டாஜ், வேணும்னே கெடுத்தது. இதுக்கு ஜெயில், தெரியுமா?"

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், காரு கிட்ட வராதேன்னு" என்றான் இருளாண்டி. "இதுக்கு ஒரு மண்ணும் தெரியாது தொரை. ஒல கொதிச்சா தண்ணி தெளிக்கிற புத்தி. படிக்காத ஜென்மம். தூ, நீயெல்லாம் ஒரு அக்காவாடி?" என்று வாளியை எட்டி உதைத்தான். அவன் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு ஏச்சும் எனக்குச் சர்க்கரையாக இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். அழுகைக்கு மட்டும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. காளியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது, பால் கறை பிடித்த சட்டையும் தலைத்துண்டும். காறித் துப்பிவிட்டுத் துப்பாக்கியை உறையில் போட்டார். "சரி. கீழ நடப்போம். பாலம் தாண்டினா போலீஸ் கொட்டாய். டெலிபோன் இருக்கு" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. காரையும் கெடுத்து, அவன் பிழைப்பையும் கெடுத்து, கடைசியில் நடந்தே போகப்போகிறார்கள்.

"கீழ எதுக்கு?" என்று அழுகையோடு அழுகையாகக் கத்தினேன். "மேல போடா! ஸ்டோர்ல லோரி நிக்கிது, அத எடுத்துட்டு வந்து இழுத்துட்டுப் போங்கடா! மேல போ!"

இருளாண்டி என்னைப் பார்த்தான். நான் எப்போதும் அவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் தின்னு என்று முறைக்கிற அதே முறைப்பில் நின்றேன். அவன் பார்வை என்னிடமிருந்து மெதுவாக மரங்களுக்குள் போனது. காளியம்மாவைத் தாண்டியது. கோணிக்காரனிடம் போய் நின்றது. வாளியில்லாத, உளியில்லாத பால்வெட்டுக்காரன். தம்பி கையிலிருந்த துணியைச் சுருட்டிப் பையில் திணித்தான்.

"மேலயே போலாம் தொரை" என்றான். குரல் சாதாரணமாக இருந்தது. "லோரி கொண்டாந்து கட்டி இழுத்துர்றேன். இங்க விட்டுட்டுப் போனா ஒவ்வொண்ணாக் கழட்டிருவானுங்க. இந்தக் காரு மாதிரி இன்னொண்ணு இந்த ஊருல கெடையாது தொரை."

துரை காரைப் பார்த்தார். அந்தப் பச்சையில் ஒரு கீறல் விழுந்தால்கூட அவருக்கு மனசு தாங்காது. "கம் ஆன்" என்று மேட்டைப் பார்த்து நடந்தார்.

போய்விட்டார்கள். போகிறார்கள். நான் அப்படியே காரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிழைத்துவிட்டான். வேலை போனால் போகட்டும், பால் வெட்டுக்கு வரட்டும், என்னோடு மூன்று வருஷம் பேசாமல் இருக்கட்டும். பம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. துரை சாலையில் மரங்களை ஒட்டிய ஓரமாக நடந்தார். மறு ஓரத்தில் செம்மண் மேடு, சுவர் மாதிரி. இருளாண்டி எப்போதும்போல அந்த மேட்டை ஒட்டி, துரைக்குப் பின்னால் நடந்தான்.

பத்தடி போயிருப்பார்கள். அவன் ஒருதரம் தலையைத் திருப்பி மரங்களைப் பார்த்தான். பிறகு சாலையைக் குறுக்காகக் கடந்தான். துரையை எட்டிப் பிடித்து, அவருக்கும் மரங்களுக்கும் நடுவில் போய், தோளோடு தோளாக நடக்க ஆரம்பித்தான். துரை என்னவோ கேட்டார். இவன் கையை ஆட்டி ஆட்டி, காரைப் பற்றித்தான் இருக்கும், பேசிக்கொண்டே அவரைச் செம்மண் மேட்டுப் பக்கமாக ஒதுக்கிவிட்டான்.

"பாவி" என்றேன். சத்தம் வரவில்லை. அடப் பாவி, அவருக்கு மறைப்பா நிக்கவாடா ஒனக்குச் சொன்னேன்?

கோணிக்காரன் இருந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். வேர்மேல் கோணி மட்டும் கிடந்தது. மேட்டு வளைவில் துரை தெரியவில்லை. மரத்துக்கு மரம் இடைவெளியில் என் தம்பியின் வெள்ளைச் சட்டைதான் தெரிந்தது, மறைந்தது, மறுபடியும் தெரிந்தது.