வாசலை மிதியாத முதலாளி

கணவன் சப்ரி மாரடைப்பால் மௌத்தாகிய நாளிலிருந்து பஸ்மிலா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆடவர் கண்ணிற் படாது துக்கம் காக்க வேண்டும். மருதமுனையில் அவளுக்குச் சீதனமாக வந்த அவ்வீட்டின் யன்னல்களுக்கு இரட்டைத் திரை இட்டிருந்தார்கள். மீன் கொண்டுவரும் சப்ரியின் தம்பிகூட, பையை வாசற் கேற்றில் மாட்டி, ஒருமுறை செருமிவிட்டுப் போய்விடுவான். உம்மா நபீஸாவின் காவல் அத்தகையது.

ஆயினும் ஆண்கள் உள்ளேதான் இருந்தார்கள், அவளது தலையணைக்குப் பக்கத்திலே, செல்போனுக்குள்.

அந்தப் போன் கைத்தறிக் கடை முதலாளி முஹ்ஸினுடையது. இணையத்தில் சாரனும் சேலையும் கேட்போருக்கு மறுமொழி எழுதுவது பஸ்மிலாவின் வேலை. மரண வீட்டுக்கு வந்த முஹ்ஸின், அவள் வெளியே வரவே தேவையில்லை, விரலால் பதில் போட்டாற் போதும் என்று உம்மாவிடம் குரல் தழுதழுக்கச் சொல்லியனுப்பினான். முகம் தெரியாது, குரல் கேளாது. இதில் என்ன குற்றம் என்று உம்மாவும் எண்ணினாள். பஸ்மிலாவும் சம்மதித்தாள்.

அன்றுமுதல் அழுகை எதுவும் முழுமையாக முடிந்ததில்லை. குர்ஆன் ஓதுகையில் 'சாயம் போகுமா?' என்று ஒருவன் கேட்பான். நடுச்சாமத்தில் தஹஜ்ஜுத் தொழ எழுந்தால், 'தூங்கல்லயா?' என்று இதயப் படத்தோடு வேறொருவன். சப்ரியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால், ஏதோவொரு சாரனின் கரை குறுக்கே வந்து விழுந்தது. தடையின்றி ஒருமுறை அழுது தீர்க்க வேண்டும் என்பதொன்றே அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை கலைந்த கையோடு, செய்திகள் ஒரே மாதிரியாக வரத் தொடங்கின: 'அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தருவானாக. ரெண்டு சாரன் போடுங்க.' ஒன்றும் விளங்காமல் கடையின் முகநூல் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவளுடைய படம். சப்ரியோடு எடுத்து எப்போதோ அவள் தன் முகநூலில் போட்டது, அவனை வெட்டிவிட்டு, தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே, 'இத்தாவில் இருந்தும் உங்களுக்காக உழைக்கும் எம் சகோதரி. அவருக்காக ஒன்றேனும் வாங்குங்கள்.' அதன் கீழே இதயங்கள், ஏந்திய கைகள். 'வடிவான புள்ள. இன்னும் எத்தின மாசம் கிடக்கு?' என்று எவனோ கேட்டிருந்தான்.

படத்தை அழித்தாள். உடனே போன் அலறியது, எடுக்கவில்லை. சற்று நேரத்தில் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நபீஸா மறிக்க ஓடினாள். மறிக்கத் தேவையே இருக்கவில்லை. முஹ்ஸின் வீட்டுக்குப் புறங்காட்டித் தெருவைப் பார்த்து மிகுந்த பேணுதலோடு நின்றுகொண்டு, மறுபடியும் போன் எடுத்தான்.

இம்முறை பஸ்மிலா காதில் வைத்தாள்.

"ஏன் தங்கச்சி அழிச்ச? எவ்வளவு ஓடர் வந்திச்சி தெரியுமா? சனம் உங்களுக்குத்தானே துஆச் செய்யுது."

"ஊரு ஆம்புளயெல்லாம் என்ட மொகத்தப் பாக்கத்தானா காக்கா நான் இத்தா இரிக்கன்?"

"அஸ்தஃபிருல்லாஹ். நான் உங்கட வாசல மிதிச்சனா? பாருங்க, திரும்பியும் பாக்கல்ல."

அதனை அவன் பெருமையாகவே சொன்னான். கயவனாயின் ஏசிவிட்டிருக்கலாம். இவனோ, தன் முதுகைக் கொண்டே மார்க்கத்தைக் காத்துவிட்டதாக மெய்யாகவே நம்பினான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாயிருந்தது.

போனை உம்மாவிடம் நீட்டினாள்.

"குடுத்திட்டு வாங்க உம்மா. இனி இது இந்த ஊட்டுக்குள்ள வரப்படா."

"அப்ப வேல, புள்ள?"

"வேற ஆரையும் புடிக்கட்டும். நான் அழோணும்."

உம்மா போனை வாங்கினாள். செத்த எலியை வாலிற் பிடிப்பதுபோல் இரண்டு விரலாற் பிடித்துச் சென்று கேற்றுக்கு மேலால் நீட்டினாள். முஹ்ஸின் அப்போதும் திரும்பாமல், கையைப் பின்னால் துழாவி வாங்கினான். உள்ளங்கையில் அது அமருமுன்னரே மணி அடித்தது. அவன் குரலைத் தாழ்த்தித் துக்கம் பூசிக்கொள்வது திரைக்குப் பின்னாலும் கேட்டது.

"ஓம், ஓம், அவ இத்தாவிலதான் இரிக்கா... பாவம். பச்சக் கர சாரனா? ரெண்டு நிறம் கிடக்கு."

அஸர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. பஸ்மிலா கிணற்றடிக்குப் போய், தொழுமுன் ஒழுச் செய்பவளைப் போலக் காதுகளை நனைத்தாள். போதவில்லை. சவர்க்காரத்தை எடுத்தாள்.