ஒத்திகைக் கட்டில்

"இன்னைக்கு யார் நோயாளி?" என்று டீச்சர் கேட்டதும் எல்லாரும் அவரவர் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று கற்றுத்தரும் வகுப்பு அது. ஒருவர் கட்டிலில் படுக்க வேண்டும், இன்னொருவர் அவரைப் புரட்டிப் பழக வேண்டும். புரட்ட வருவார்கள், படுக்கத்தான் யாருக்கும் மனம் வராது. கடைசி பெஞ்சிலிருந்து பெயிண்டர் மனைவி எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். பெயிண்டர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வகுப்புக்கு வந்தது அன்றுதான். யாராவது துக்கம் விசாரிப்பதற்குள் படுத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

அவளை இங்கே பிடித்துத் தள்ளியதே அவர்தான். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து கிடந்த மனிதர், வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வயசுல படிச்சு நான் டாக்டராவா ஆகப்போறேன்?"

"டாக்டர் ஆக வேணாம். எனக்கப்புறம் நாலு வீட்டுல இந்த வேலைக்குப் போய், யார்கிட்டயும் கையேந்தாம இரு, போதும். பழகறதுக்குத்தான் கட்டை மாதிரி நான் கிடக்கேனே."

"முதல்ல வாயைக் கழுவுங்க" என்றாள். ஆனாலும் போனாள்.

போனாளே தவிர, வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. மற்றவர்கள் எல்லாம் நாலெழுத்து படித்தவர்கள் என்று ஒரு பயம். புரட்டும் பாடத்தன்று முன்னால் நின்றவர்களின் தலைகள் கட்டிலை மறைத்தன. "சந்தேகம் இருக்கா?" என்று டீச்சர் கேட்டபோது, கும்பலோடு கும்பலாக இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்தாள். பார்த்த அரைகுறையை வைத்துக்கொண்டு வீட்டில் அவரைக் காலையும் மாலையும் இடது பக்கமாகப் புரட்டினாள். புரட்டும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"எப்படிங்க இருக்கு?"

"பஞ்சுல புரண்ட மாதிரி இருக்கு நர்சம்மா. நூத்துக்கு நூறு."

சுகத்தில் மூடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பாவி, அதில் கொஞ்சம் கர்வம்கூடப் பட்டாள். அந்த மார்க்கை நம்பித்தான் மறுநாளும் வகுப்புக்குக் கிளம்புவாள்.

இப்போது அவளைப் புரட்ட வந்தவள் கேன்டீன்காரி. கொதிக்கிற அண்டாவை அலட்சியமாக இறக்கிவைக்கிற கைகள், மனித உடம்பில் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அலைந்தன. "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. நாளையிலேர்ந்து நின்னுடலாம்னு இருக்கேன்" என்று காதருகில் முணுமுணுத்தாள்.

"இடது கை விளங்காத மாதிரி தொங்க விடுங்க" என்றார் டீச்சர். விட்டாள். கேன்டீன்காரி தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் தள்ள, உடம்பு புரண்டது. இடது கை விலாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மொத்த பாரமும் தோள்மூட்டில் இறங்கி, வலி கழுத்துவரை சுண்டியிழுத்தது. அவள் கண்கள் தாமாகவே இறுக மூடிக்கொண்டன. மூடிய பிறகுதான் புரிந்தது, அவர் கண்ணை மூடியதும் இதனால்தான்.

"கை அடியில மாட்டிக்கிச்சு பாருங்க. முதல்ல அதை எடுத்துத் தள்ளி வெச்சிட்டுத்தான் திருப்பணும்" என்றார் டீச்சர். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மனிதராவது ஒரு தடவை ஐயோ என்று கத்தியிருக்கலாம். கத்தினால் இவள் பயந்துபோய் வகுப்பை விட்டுவிடுவாள் என்று, காலையும் மாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு மார்க் போட்டிருக்கிறார்.

"வலிச்சுதாக்கா?" கேன்டீன்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லையென்று சொன்னால் நாளைக்கும் வருவாள். பெயிண்டரின் பதில் இவள் நாக்கு நுனிவரை வந்தது.

"வலிச்சுது" என்றாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உயிர் போற மாதிரி வலிச்சுது. அதுக்காக நின்னுடாதே. இன்னொரு தடவை பண்ணு. வலிச்சா சொல்றேன்."

அவளை மறுபடி மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். கேன்டீன்காரி அந்த இடது கையை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையணை ஓரமாக வைத்தாள். பிறகு மெல்லப் புரட்டினாள். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஒருக்களித்துக் கிடந்தவளின் ஒரு கண்ணில் பெருகிய நீர், மூக்கைத் தாண்டி இறங்கி மற்ற கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.