ரோவன்-லெனாவுக்குப் பத்துக்கு மூன்று

ஜோடிகளுக்கு மார்க் போடுவது என் பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது, போடச் சொல்லிக் கேட்டவரும் கிடையாது. தமிழில் டப்பிங் ஆகி வரும் விண்வெளித் தொடர்களை மொபைலில் பார்ப்பேன். அதில் யாராவது யாரையாவது காதலித்தால், அந்தக் காதல் நம்பும்படி இருக்கிறதா என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்து எழுதுவேன். நாலாயிரம் பேர் படித்தார்கள். என்னிடம் ஏழு மார்க் வாங்கிய ஜோடிகள் மொத்தமே இரண்டுதான். “சித்ரா மேடம் வீட்டில் கல்நெஞ்சுக்குத் தனி அலமாரி உண்டு” என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதற்கு லைக் போட்டேன்.

‘கடைசிச் சுற்றுப்பாதை’ தொடரில் வரும் ரோவன், லெனா ஜோடிக்கு மூன்று போட்டேன். ரோவன் விண்கப்பலின் தலைவன், லெனா அங்கே மருத்துவர். முதல் இரண்டு சீசன்களில் அவர்கள் நேருக்கு நேர் பேசியதே ஒன்பது தடவை, எண்ணியிருக்கிறேன். மூன்றாவது சீசனில் கப்பலில் எல்லாரும் செத்துப்போகிறார்கள், இவர்கள் இருவர்தான் மிச்சம். உடனே காதல் வந்துவிடுகிறது. கப்பலில் சூடேற்றும் எந்திரம் கெட்டுப்போகிறது, இருப்பது ஒரே ஜோடிக் கையுறை. ரோவன் தன் கையிலிருந்து ஒன்றைக் கழற்றி லெனாவுக்கு மாட்டிவிட்டு, தன் வெறும் கையால் அவளுடைய வெறும் கையைப் பிடித்துக்கொள்கிறான். பின்னணியில் வயலின் அழுகிறது. “வேறு ஆள் இல்லாததால் வருவதற்குப் பெயர் காதல் இல்லை, இடவசதி” என்று எழுதினேன். அந்தப் பதிவைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள்.

அதை எழுதிய மூன்றாம் மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அதுவும் இடவசதிக்காகத்தான்.

மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலை எஸ்டேட். லயம் என்கிற வரிசை வீடுகள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால்தான் குடியிருக்கலாம். என் அம்மா குருவம்மாள் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றாள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அப்பா இல்லை, எங்களுக்கு மலைக்குக் கீழே ஊரும் இல்லை, நிலமும் இல்லை. நானோ கூடை சுமக்க மாட்டேன் என்று பதினாறு வயதிலேயே சொல்லிவிட்டு, மூணாறில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது.

பாண்டீஸ்வரனுக்குத் தேயிலை ஃபாக்டரியில் நிரந்தர வேலை, இலை உலர்த்தும் டிரையர் பக்கம் நிற்பார். வயது முப்பத்தாறு. அண்ணன் அழகுமலை வீட்டில், ஒரே அறையில் ஐந்து பேரோடு ஆறாவது ஆளாகப் படுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஆள் வேண்டும், அவருக்கு இடம் வேண்டும். அழகுமலையும் அம்மாவும் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அதை ஒளித்துச் செய்யவும் இல்லை, லயம் முழுவதற்கும் தெரியும்.

எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். சுண்டுவிரலைக் கோத்துச் சன்னதியைச் சுற்ற வேண்டும். என் விரலைத் தொடுவதற்கு முன்னால் அவர் தன் கையை வேட்டியில் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். சுற்றி முடித்து விரலை விட்டதும் மறுபடி துடைத்தார். அதைப் பார்த்தேன். என்னைத் தொடப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தொடரில் ஒரு நடிகர் அப்படிச் செய்திருந்தால் பத்துக்கு ஒன்று போட்டிருப்பேன்.

மறுநாள் எஸ்டேட் ஆபீசுக்குப் போய், அம்மாவின் ஆஸ்பத்திரிக் குடும்ப அட்டையில் அவர் பெயரைச் சேர்த்தோம். பஞ்சாயத்தில் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் லயத்தில் பிறந்தவர்கள், கட்டிக்கொண்டவர்கள், செத்தவர்கள் எல்லாரும் அந்த அட்டைக்குள்தான் இருந்தார்கள். உறவு என்ற கட்டத்தைக் குமாஸ்தா காலியாக விட்டிருந்தார். நாங்கள் அதையும் பார்க்கவில்லை.

அவர் வெளி அறையில் படுத்தார், நானும் அம்மாவும் உள்ளே. காப்பி கொடுத்தால் டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லி, பிறகு எடுத்துக்கொள்வார். சரி, வீடுதானே வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு ரோஷம் அதிகம்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி டின்மேல் மொபைலைச் சாய்த்து வைத்துத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசல் பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

“இந்தப் புள்ள யாரு?”

“டாக்டரு.”

“அவனும் இவளும் எப்பச் சேருவாக?”

“சேருவாக. சேர்றதுதான் சகிக்காது.”

மூன்று சீசனையும் முதலிலிருந்து பார்த்தார். கையுறைக் காட்சி வந்தபோது, நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நான் எட்டுப் போடுவேன்” என்றார்.

“எதுக்கு எட்டு? வேற நாதி இல்லாமத்தான சேர்ந்தாக?”

“வேற ஆளு இல்லேங்கிறதுக்காகப் புடிச்சிருமா? எங்க அண்ணன் வீட்ல ஆறு பேரு இருந்தோம். வேற போக்கிடம் இல்ல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவா செஞ்சோம்?”

அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன். அன்றிலிருந்து நாலாவது சீசனை அவருடைய மொபைலில் சேர்ந்து பார்த்தோம், நடுவில் ஒரு சாண் இடம் விட்டு. அம்மாவுக்கு இரைப்பு வந்து நான் எழுந்து போனால் படத்தை நிறுத்திவிடுவார். வெந்நீர் வைத்து, மார்பு தடவி, முக்கால் மணி கழித்துத் திரும்பினாலும் திரை நிறுத்திய இடத்திலேயே நிற்கும். சீசன் நேரத்தில் ரிசார்ட்டிலேயே இரண்டு நாள் தங்க வேண்டி வந்தபோது, “நீங்க பாத்துருங்க, நான் பெறவு பாத்துக்கிறேன்” என்று போன் செய்தேன்.

“நீ இல்லாம பாத்தா எவன் தப்புப் பண்றான்னே தெரிய மாட்டேங்குது. கெடக்கட்டும்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன். அவரிடம் சொல்லவில்லை. முதலில் கையைத் துடைத்தவர்தான் முதலில் கையை நீட்ட வேண்டும் என்று இருந்தேன்.

ஜூலையில் காற்று ஓயாமல் அடித்தது. ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து அவர் பைக்கில் வந்தபோது, ஃபாக்டரி வளைவில் யூக்காலி மரம் சாய்ந்து மேலே விழுந்தது. நான் ரிசார்ட்டில் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மொபைலின் கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஆனால் வேலை செய்தது. கடைசி எபிசோடு இருபத்துமூன்றாவது நிமிடத்தில் நின்றிருந்தது. முந்தின நாள் அம்மாவுக்காக நான் எழுந்துபோன இடம் அது.

எஸ்டேட்டில் வேலையில் இருப்பவர் இறந்தால், அந்த வேலை மனைவிக்குப் போகும். மனைவி இல்லையென்றால் கூடப்பிறந்தவர் குடும்பத்துக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே அழகுமலை ஆபீசில் மனு கொடுத்தார். அவர் மகன் அஜய் வேலை இல்லாமல் இருந்தான். தம்பிக்கு நடந்தது கல்யாணம் இல்லை, வீட்டுக்காகச் செய்த ஏற்பாடு என்று அதில் எழுதியிருந்தது. பொய் என்று சொல்ல முடியுமா? ஏற்பாடு செய்தவரே அவர்தானே. அழகுமலை பக்கம் தீர்ப்பானால் வேலையும் போகும், வீடும் போகும், அம்மாவை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்று எனக்குத் தெரியாது. அதைவிட, பாண்டீஸ்வரனுக்கு நான் யாரும் இல்லை என்று ஒரு தாளில் ஏறிவிடும்.

விசாரணைக்கு வெல்ஃபேர் ஆபீசர் ஷைஜு கூப்பிட்டார். கோட்டயம் பக்கத்து மலையாளி, கெட்டவர் இல்லை. அம்மாவை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். அழகுமலை ஏற்கெனவே ஓரத்து நாற்காலியில் இருந்தார்.

“விவாகம் பஞ்சாயத்தில் ரெஜிஸ்டர் செய்தோ?”

“இல்ல சார்.”

“அட்டையில் உறவு எழுதலை. வீட்டுக்காக வச்ச ஆளுன்னு இவர் சொல்றார். நீங்க பார்யா பர்த்தாவா, புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தீங்கன்னு எனக்கு விசுவாசம் வரணும். ஏதெங்கிலும் ஒண்ணு சொல்லு.”

நம்பும்படி இருக்க வேண்டும். நாலாயிரம் பேர் முன்னால் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. நான் எழுந்து போனால் அவர் படத்தை நிறுத்தி வைப்பதைச் சொன்னேன். இரண்டு நாள் காத்திருந்ததைச் சொன்னேன். நொறுங்கிய மொபைலை எடுத்து, இருபத்துமூன்றாவது நிமிடத்தைக் காட்டினேன். என்னிடம் இருந்த உண்மை அவ்வளவுதான்.

ஷைஜு சார் பேனாவை மூடினார். “இது சும்மா சீரியல் காணுறதுதானே. ஹாஸ்டலில் ஒண்ணா இருக்கிறவங்களும் இப்படிக் காணும்” என்றார். இரக்கமாகத்தான் சொன்னார்.

அழகுமலை கண்ணை மூடித் திறந்தார். வெளியே அம்மா இருமுவது கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

“ஜனவரியில ஒரு நா உறைபனி கொட்டிச்சு சார். புல்லெல்லாம் வெள்ளையாக் கெடந்துச்சு. காலையில என்னைய ரிசார்ட்ல விட பைக்ல கூட்டிட்டுப் போனாக. எனக்குக் கை வெறைச்சுப்போச்சு. அவுககிட்ட ஒரு ஜோடிக் கையுறைதான். வண்டிய நிறுத்தி ஒண்ணக் கழட்டி எங்கையில மாட்டிவிட்டாக.” இங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினேன். “மிச்சம் ஒரு கை இருந்துச்சுல்ல சார். அத அவுக வெறுங்கையால புடிச்சுக்கிட்டாக. வெயில் ஏறுற வரைக்கும் ரோட்டோரத்துலயே நின்னோம்.”

வயலின் மட்டும்தான் இல்லை. பேனா திறந்தது. ஷைஜு சார் இரண்டு பக்கம் எழுதினார், நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூன்று போட்ட காட்சி அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், அது நடிப்பு இல்லை.

“அழகுமலை, எதிர்ப்பு உண்டோ?”

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணும் இல்லீங்க சார்.”

வெளியே படிக்கட்டில் அவர் எனக்காக நின்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

“பாண்டிக்குக் கையுறையே கெடையாது தாயி” என்றார். “சின்னதுலருந்து அவனுக்கு உள்ளங்கை வேர்த்துக்கிட்டே இருக்கும். ஈரம் சொட்டும். பள்ளிக்கூடத்துல சிரிப்பாக. யாரயும் தொடவே கூசுவான். தொட்டா வேட்டில தொடச்சிட்டுத்தான் தொடுவான். கையுறை மாட்டுனா ஊறிப்போகும்னு எந்தக் குளுருக்கும் மாட்ட மாட்டான்.” ஒரு படி இறங்கினார். “கைய ஒரு தடவ புடிச்சிருந்தாக்கூட ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“பெறகு ஏன் உள்ள சொல்லல?”

“எப்படியாச்சும் ஒருத்திக்கு அவன் புருசனா இருந்துட்டுப் போகட்டும்னுதான்.”

அவர் இறங்கிப் போய்விட்டார். கோயிலில் துடைத்த கை, கீழே வைக்கச் சொன்ன டம்ளர், நடுவில் விட்ட ஒரு சாண் இடம், எல்லாவற்றுக்கும் நான் மார்க் குறைத்திருந்தேன். நம்பும்படி இல்லை என்று நினைத்தேன். அவர் கூச்சப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒருமுறை நான் கையை நீட்டியிருக்கலாம்.

வேலை எனக்குக் கிடைத்தது, வீடு எங்களுக்கு இருக்கிறது. அட்டையில் உறவுக் கட்டத்தில் ‘கணவர்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘இறப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிறேன், கூடை சுமக்கிறேன். ஃபேஸ்புக் பக்கத்தை மூடிவிட்டேன். இருபத்துமூன்றாவது நிமிடத்துக்கு அப்புறம் ரோவனுக்கும் லெனாவுக்கும் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

கையுறைக் கதையை அம்மா லயம் பூராவும் சொல்லிவிட்டாள். அவளும் நம்புகிறாள். குளிர் ஆரம்பித்துவிட்டது, காலையில் தேயிலைச் செடியெல்லாம் நனைந்து கிடக்கிறது. நேற்று டீ குடிக்கும் நேரத்தில், பக்கத்து வரிசையில் கொழுந்து எடுக்கும் ஆர்த்தி, கல்யாணம் நிச்சயமான பெண், என்னிடம் அதைக் கேட்டாள்.

“அக்கா, அன்னைக்கு அண்ணன் கை எப்படி இருந்துச்சு?”

“சூடா இருந்துச்சு” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியாது.