லில்லி இலையில் பிசுக்கு

தபீதாளின் பால்கனியில் ஒன்பது தொட்டிகளில் ஈஸ்டர் லில்லி இருந்தது. இந்த ஆண்டு ஈஸ்டருக்கு ஆலயப் பீடத்தில் வைக்க ஐந்து தொட்டிகள் தருவதாகப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுவாரமே இலைகள் பிசுபிசுக்கத் தொடங்கின.

ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். மறுநாள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் மறுபடியும் விரல் ஒட்டியது. வீட்டெதிரே ஓடும் கேம்ப் ரோட்டின் தூசி முழுக்க அதில் படிந்து, இலைகள் கரி பூசியதுபோல் இருந்தன. மூன்றாம் நாள் எரிச்சலோடு நிமிர்ந்தபோது, மேல்வீட்டு பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் நான்கு வயது சின்மயி ஜூஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

தபீதாள் விறுவிறுவென்று மாடியேறினாள். சின்மயியின் அம்மா ரோஹிணி கழுத்தில் ஹெட்போனோடு கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள்.

“பாப்பா எங்க செடி மேல ஜூஸ் கொட்டுறா, ரோஹிணி. தினமும் துடைக்க என்னால முடியல.”

“அவ கொட்ட மாட்டாக்கா. நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா? இலையைத் தொட்டாலே தெரியுது.”

“பாக்காம எப்படிக்கா குழந்தை மேல பழி போடுறீங்க?”

கதவு சாத்திக்கொண்டது. அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குழந்தையும் பால்கனிப் பக்கம் வரவில்லை. ஆனால் பிசுக்கு மட்டும் நிற்கவே இல்லை.

“பீடத்துக்குப் பூ வாங்கிக் குடுத்துடலாமே” என்றார் கணவர் தேவானந்தம்.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்திருக்கேங்க!”

சனிக்கிழமை காலை முடிச்சூர் சாலையிலிருந்த நர்சரிக்குப் போனாள். அங்கே பொன்னுரங்கம் மண் கலந்துகொண்டே, அவள் சொன்னதை அரைக்காதில் வாங்கி, வேப்பெண்ணெய் பாட்டில் ஒன்றை நீட்டினார். சீக்கிரம் சரியாகட்டும் என்று அவள் இரண்டு மடங்கு ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்து, உச்சி வெயிலில் அடித்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு தொட்டிகளின் இலைகள் கருகித் தொங்கின. ஆத்திரத்தில் அழுகை வந்தது. மறுநாள் கருகிய இலையோடு ஒரு நல்ல இலையையும் அடியோடு பிடுங்கி, கவரில் போட்டுக்கொண்டு மறுபடியும் போனாள்.

“உச்சி வெயில்ல அடிச்சா கருகாம இன்னாக்கா பண்ணும்? பொழுது சாய அடிக்கணும்.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கலியேக்கா.” நல்ல இலையைப் புரட்டி, அடிப்பகுதியை நகத்தால் சுரண்டினார். “இதுல பூச்சியே இல்ல. ஆனா பூச்சி இல்லாம இந்தப் பிசுக்கு வராது. செடியோட சாறக் குடிச்சிட்டு அது கழியிறதுதான் இது. எங்கியோ கீது, தேடுக்கா.”

தேடினாள். பூதக்கண்ணாடி வைத்து இலையின் பின்புறம், தண்டு, மண் எல்லாம் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. வெறுத்துப்போய், தரையையாவது கழுவலாம் என்று தொட்டிகளை உள்சுவர் ஓரமாக நகர்த்தி, இலைகளையும் துடைத்து, அப்படியே விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது இலைகள் சுத்தமாக இருந்தன. தொட்டிகள் முன்பு இருந்த இடத்தில் கால் வைத்தாள். கழுவிய தரை பாதத்தில் ஒட்டியது.

அப்படியென்றால் அது மேலேயிருந்துதான் விழுகிறது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தாள். மேல்வீட்டுச் செம்பருத்தியின் ஒரு கிளை வெளியே நீண்டிருந்தது. அழகாக இருக்கிறதென்று அவளே பலமுறை ரசித்த கிளை. அதன் அடியில் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் மாவுப்பூச்சி. நடுவில் எறும்புகள் போவதும் வருவதுமாக இருந்தன.

அன்று மாலை மெல்ல மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

“ரோஹிணி, மன்னிச்சிடும்மா. பாப்பா ஒண்ணும் பண்ணல.”

“ரெண்டு வாரமா அவளை பால்கனிக்கே விடலக்கா. ஏன்னு கேட்டு அழுறா.”

 தபீதாள் தயங்கிக்கொண்டே, “உங்க செம்பருத்தில பூச்சி இருக்கு. அதுதான் கீழ சொட்டுது” என்றாள்.

“அப்பவும் நாங்கதான் காரணமா?”

முறைத்தபடியே பால்கனிக்கு நடந்த ரோஹிணி, கிளையைத் திருப்பியதும் கையை உதறிக்கொண்டாள். “ஐயே! இவ்வளவா?”

இருவரும் சேர்ந்து பூச்சி மொய்த்த கிளைகளை வெட்டி, குப்பைக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மீதிச் செடியில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினார்கள். வெயில் தாழ்ந்தபின், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தார்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் அப்படியே செய்தார்கள். வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிசுக்கு நின்றது.

ஆனால் ஈஸ்டர் ஞாயிறு வரை ஒரு மொட்டும் விரியவில்லை. பீடத்தில் கடையில் வாங்கிய சம்பங்கி இருந்தது. “லில்லி எங்க சிஸ்டர்?” என்று நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருக்கும் அவள் பூச்சியின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை, மூன்று தொட்டிகளில் ஒரே நேரத்தில் பூத்திருந்தது.

“நாலு நாள் முன்னாடி பூத்திருந்தா குறைஞ்சா போயிருப்ப?” என்று செடியிடமே கத்தினாள். தேவானந்தம் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை.

அன்று மாலை ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். ரோஹிணி பூவையும் அவளையும் பார்த்தாள்.

“உள்ள வாங்கக்கா. மீட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

தபீதாள் சோபாவில் உட்கார்ந்தாள். அறைத் திரைக்குப் பின்னால் சின்மயி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டும் வெளியே வரவில்லை. தபீதாள் இரண்டாம் முறை கூப்பிடாமல் காத்திருந்தாள்.