மாமாவை வீட்டில் விட்டுவிட்டுப் போன ஆட்டங்கள்

லிப்ட் மெக்கானிக்குக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான். இயந்திரம் மக்கர் பண்ணினால் சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார். ஓடினால் கோளாறு அதில்தான். கதவோ, பிரேக்கோ, இந்த வழி அவனைக் கைவிட்டதில்லை. அதை மாமனாரிடம் போட்டுப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளோடும் மருமகனோடும் ஒரே வீட்டில் இருந்தார். கல்யாணமான புதிதில் ஆண்கள் இருவருக்கும் பேச விஷயமே கிடைக்காது. "வேலையெல்லாம் எப்படி மாப்ளே?" "போகுது மாமா." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "சும்மாதானே இருக்கீங்க, வாங்களேன்" என்று கால்பந்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அன்று பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு வாராவாரம் கிழக்குப் பக்கப் படிக்கட்டு வரிசையில் அதே இரண்டு இடம். அவனுக்கு இடதுபுறம் மாமா.

அவர்களுடைய மஞ்சள்சட்டை அணியோ இரண்டாம் பிரிவிலேயே வேர்விட்டுப்போன அணி. "ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். நடுமாடியில நின்னுபோன உங்க லிப்ட் மாதிரி" என்பார் மாமா.

அந்த வருஷம்தான் லிப்ட் அசைந்தது. புதுப் பயிற்சியாளர் வந்தார், பந்து பையன்களின் காலில் நின்றது. ஒரு ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை முன்னால் இருந்துவிட்டு, ஊதல் ஊதப்போகிற நேரத்தில் எதிரணிக்கு ஒரு கோல் கொடுத்தார்கள். மைதானமே தலையில் கை வைத்தது. அவன் கை வைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி மாமாவை ஒரு பார்வை பார்த்தான். கண் இமைக்கும் நேரம்தான். அவனுக்கே அது நினைவில் தங்கவில்லை.

அடுத்த வாரம் மாமாவுக்குப் பல் பிடுங்கியிருந்ததால் வர முடியவில்லை. அணி ஜெயித்தது. அதற்கடுத்த வாரம் வந்தார், தோற்றது.

"மாமா, நீங்க பல்லைப் பிடுங்கினாத்தான் நாம ஜெயிப்போம் போலிருக்கே!"

"வாய் நிறைய பல்லு மிச்சமிருக்கு மாப்ளே. கோப்பையே வாங்கிடலாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்போடு விட்டிருக்கலாம். "இந்த வாரம் ஒரு சோதனைக்கு வீட்லயே இருந்து பாருங்களேன்" என்றான். இருந்தார். ஜெயித்தது. அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவனுக்கும் தெரியும். ஆனால் புள்ளிப் பட்டியலில் பெயர் படிப்படியாக மேலே வரும்போது காக்கையை யார் விரட்டத் துணிவார்கள்? முன்பெல்லாம் அணியைப் பற்றிக் கேட்டால் "பாக்கலாம்" என்று மட்டும் சொல்கிறவன், இப்போது லிப்டின் கூரைமேல் உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டே, "அடுத்த வருஷம் முதல் பிரிவு" என்று கீழே நிற்கிற காவலாளிக்குக் கேட்கும்படி கத்தினான்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "எங்கப்பா என்ன ஃபியூஸ் கட்டையா, நீங்க கழட்டி வைக்கிறதுக்கு?"

"அவரே சிரிச்சுக்கிட்டுதானே இருக்கார்?"

"சிரிக்காம வேற என்னங்க செய்வாரு?"

கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவு. மத்தியானம் அவன் கிளம்பி வந்தபோது மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். கழுத்தில் மஞ்சள் துண்டு, இஸ்திரி போட்ட மடிப்புக் கலையாமல்.  

"மாமா... இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"அட, நான் கடைக்குப் போறேன் மாப்ளே" என்றார் அவர். துண்டைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இதுக்கு ராசி தோஷம் ஒண்ணும் இல்ல. போட்டுட்டுப் போங்க."

அணி ஜெயித்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். தொண்டை கட்ட வீட்டுக்கு ஓடிவந்தால், மாமா இல்லை. இருட்டுகிற நேரத்தில்தான் வந்தார். மைதானத்துச் சத்தம் வீடு வரை கேட்கும்; அது தன் காதில்கூடப் பட வேண்டாம் என்று பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம்.

"திரும்பி வர்ற பஸ்ல ஒரே மஞ்சள் சட்டையா ஏறினாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது. எத்தனை கோல் மாப்ளே?"

அவன் ஒவ்வொரு கோலாகச் சொன்னான். பசித்தவனிடம் விருந்தை விவரிக்கிற மாதிரி இருந்தது. பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

புது வருஷத்து ஆட்டங்களுக்கு அவன் அதே இரண்டு இடங்களுக்கும் சீட்டு வாங்கிவந்து, ஒன்றை மாமாவின் கையில் வைத்தான். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"வேணாம் மாப்ளே."

"அது விளையாட்டுக்குச் சொன்னது மாமா. ராசியாவது மண்ணாவது! தோத்தாலும் பரவாயில்ல, நீங்க வாங்க."

"தோத்தா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்குக் கடைசி நிமிஷத்துல கோல் விழுந்தப்ப, திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தீங்க பாருங்க..." அவர் சிரிக்க முயன்றார். "பந்து எங்க இருக்குன்னு பாக்கறதா, நீங்க என்னைப் பாக்கறீங்களான்னு பாக்கறதா? இந்த வயசுல ரெண்டும் முடியல."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதல் பிரிவில் முதல் ஆட்டம். தனியாகப் போனான். மாமாவின் இடம் காலியாக இருந்தது. இடைவேளைக்கு முன்பே எதிரணி பந்தை வலைக்குள் தள்ளியது. மைதானம் தலையில் கை வைத்தது. அவன் கழுத்து, அவனைக் கேட்காமலே, இடதுபக்கம் திரும்பியது.