ஐம்பத்தெட்டுப் பேர் பிடித்த பொய்

பிளாண்டயர் நகரத்தில் லுசுங்கு வேலை பார்த்த விதைக் கம்பெனியில், முந்தைய வருஷம் விதைப்புக் காலத்தில் யாரோ ஒருவர் திறக்கக்கூடாத மின்னஞ்சலைத் திறந்துவிட்டார். பதினோரு நாள் கணினிகள் பூட்டிக் கிடந்தன. சோள விதைக்கு வந்த விவசாயிகள் வாசலிலேயே படுத்துத் தூங்கினார்கள். அதற்குப் பிறகுதான் தலைமையகம் அந்த விளையாட்டை அனுப்பியது. அவ்வப்போது பொய் மின்னஞ்சல்கள் வரும். பொய் என்று கண்டுகொண்டவர் மூலையில் இருக்கும் தூண்டில் படத்தை அழுத்த வேண்டும், பத்துப் புள்ளி. நம்பித் திறந்தவருக்கு இருபது போகும். பட்டியலைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். முதலில் வருபவருக்கு மாதம் ஒரு மூட்டை சோள மாவு.

கிளையில் விளையாட்டை நடத்தும் பொறுப்பு லுசுங்குவுடையது. அவள் எழுதிய பொய்களை முதல் இரண்டு மாதம் யாரும் நம்பவில்லை. பரிசு விழுந்திருக்கிறது என்றாலும் சிரித்தார்கள், சம்பளம் உயர்கிறது என்றால் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இவர்கள் எதற்கு அசைவார்கள் என்று தலைமையகத்திலிருந்து கேட்டபோது, அவள் யோசிக்கக்கூட இல்லை. சாவுக்கு அசைவார்கள் என்று எழுதிவிட்டாள்.

அது அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஊழியர் வீட்டில் சாவு என்றால் கம்பெனி சவப்பெட்டி வாங்கித் தரும், லாரி தரும். எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு அந்த லாரியில் ஏறிக்கொள்வார்கள். ஏறாதவரைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்கள். லுசுங்கு எழுதிய மின்னஞ்சல் சின்னதுதான். கிடங்குப் பிரிவு திருமதி சிபேட்டாவின் கணவர் காலமானார், மூன்று மணிக்கு லாரி, வருகிறவர்கள் இங்கே பெயர் பதியவும். எண்பது பேரில் அறுபத்தொரு பேர் பதிந்தார்கள். எனெலெஸ் என்ற பெண் பதிந்ததோடு நிற்காமல், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அழுதபடியே கிடங்குக்கு ஓடிப்போய், அங்கே, உயிரோடிருக்கும் தன் கணவருக்குப் போனில் கறி வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்த சிபேட்டாவைக் கட்டிப்பிடித்தாள். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. ஒரு மாதம் அவளைப் பார்த்தவர்களெல்லாம், "இன்னிக்கு யாரு சாவுக்குக் கிளம்பிட்டே?" என்று கேட்டார்கள். லுசுங்குவும் ஒரு தடவை கேட்டாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, லுசுங்குவின் கணவர் வனாங்வா இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். வடக்கே முஸிம்பாவில், தாயின் குழிக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னார். ஒரு பகல் முழுக்க ஓட வேண்டிய தூரம். கம்பெனி லாரி இருந்தால் போகலாம். இல்லையென்றால் முடியாது.

கணவனை இழந்தவள் பாயை விட்டு எழக்கூடாது, காரியங்களை மற்றவர்கள் பார்ப்பார்கள். அதனால் கொழுந்தன் கொண்ட்வானிதான் அவள் போனை வாங்கி, அலுவலகத்தார் எல்லோருக்கும் சாவுச் செய்தியை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினான். சற்று நேரத்தில் போன் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது.

"நெறைய பேரு பதில் போடுறாங்க அண்ணி," என்றான் கொண்ட்வானி. "அதுக்குள்ள முப்பத்தோரு பேரு. நல்ல சனங்க."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பதில் ஒன்றுகூட இல்லை. தூண்டிலை அழுத்தியவர்களின் எண்ணிக்கை அது. விளையாட்டை நடத்துபவளுக்கு மட்டும் வருவது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்து நான்கு ஆனது.

ஆள்நிர்வாகம் பார்க்கும் கச்சாலே ஐயாவைக் கூப்பிடச் சொன்னாள். கொண்ட்வானி முற்றத்துக்குப் போய்ப் பேசினான். திரும்பி வந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது.

"சிரிக்கிறாரு அண்ணி. 'நல்லா நடிக்கிறே தம்பி, உங்க மேடத்துக்கு என் வாழ்த்தச் சொல்லு'ன்னுட்டு வெச்சிட்டாரு."

சுற்றி உட்கார்ந்து துக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த தேவாலயச் சபைப் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். லுசுங்கு அப்போது செய்யக்கூடாததைச் செய்தாள். பாயில் உட்கார்ந்தபடியே எனெலெஸைத் தானே கூப்பிட்டாள். எனெலெஸ் அழுவதற்கு எப்போதும் தயாராக இருப்பவள், தன் குரலைக் கேட்டாலே புரிந்துகொள்வாள் என்று நினைத்தாள்.

"எனெலெஸ், அவரு போயிட்டாருடி."

"அக்கா, குரலக்கூட மாத்தி வெச்சிருக்கீங்களே." சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "போன தடவ பட்டதே போதும். இந்த மாசம் மாவு மூட்ட எனக்குத்தான். நான் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிட்டேன், திங்கக்கெழம பாக்கலாம்."

பிறகு கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. வேறு யாரையும் லுசுங்கு கூப்பிடவில்லை. ஒவ்வொருவரிடமும் என் புருஷன் நிஜமாகவே செத்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பு வாங்க அவளால் ஆகவில்லை. சனிக்கிழமை காலையில் கொண்ட்வானி அலுவலகத்துக்கே போனான். பூட்டியிருந்தது. யாருடைய வீட்டு விலாசத்தையும் வெளியாளுக்குக் கொடுப்பதில்லை என்று காவலாளி சொல்லிவிட்டான். அதுவும் அவள் வைத்த பாடம்தான்.

திரும்பி வந்தவன் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, ரொம்பத் தயங்கி, "அண்ணனப் படம் எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். அவர அப்படிக் காட்டி யாரையும் கூப்பிட வேண்டாம்."

இதை அவள் பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். ஒரே ஒரு படம். அனுப்பியிருந்தால் லாரி வந்திருக்கலாம். அதையும் பொய்ப் படம் என்று சொல்லியிருக்கலாம். எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெயில் அதற்கு மேல் காத்திருக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நகரத்து இடுகாட்டில், முன்பின் தெரியாதவர்களின் குழிகளுக்கு நடுவே வனாங்வாவைப் புதைத்தார்கள். பெட்டி சபையார் வாங்கியது, கொஞ்சம் குட்டை. முஸிம்பாவில் அவர் தாயின் பக்கத்தில் உறவுக்காரர்கள் வெட்டி வைத்திருந்த குழியை அவர்களே மூடிவிட்டதாகச் செய்தி வந்தது.

திங்கட்கிழமை தலைமையகத்தார், வெள்ளிக்கிழமை நீங்கள் பிடித்த மின்னஞ்சல் எங்களுடையது அல்ல, ஐம்பத்தெட்டுப் பேருக்கும் புள்ளி கிடையாது என்று எழுதினார்கள். அப்போதுதான் அலுவலகம் புரிந்துகொண்டது. பதினொரு மணிக்கு லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எடுத்துப் போக எதுவும் இல்லாத வீட்டு வாசலில் லாரி நின்றது. எனெலெஸ் பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள். அன்று அவளுக்கு அழுகையும் வரவில்லை. கச்சாலே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். சொன்ன உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பது நாள் கழித்து லுசுங்கு வேலைக்குத் திரும்பினாள். விளையாட்டு நிற்கவில்லை, அவள் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. புது விதி ஒன்றும் வந்திருந்தது. சாவுச் செய்தி எது வந்தாலும் ஒருவர் போனில் விசாரித்து உறுதி செய்த பிறகே லாரி கிளம்பும். அந்த வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். உனக்குத்தான் அந்த வலி தெரியும் என்றார் கச்சாலே. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

டிசம்பரில் கிடங்குப் பிரிவு சிபேட்டாவின் வீட்டிலிருந்து சாவுச் செய்தி வந்தது. லுசுங்கு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். மறுமுனையில் பாட்டும் ஒப்பாரியும் கேட்டன. சிபேட்டாவே போனை எடுத்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றாள் லுசுங்கு. "எறந்தவரு பேரு சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி, எத்தன மணிக்கு? அப்புறம், பக்கத்துல இருக்கற வேற யார்கிட்டயாவது போனக் குடுங்க."